வண்டி இழுக்குதா, கை இழுக்குதா?

போன மாதம் வாடிப்பட்டியிலிருந்து காரில் திரும்பிக்கொண்டிருந்தேன். மூக்குக்கண்ணாடி நழுவியது. ஒரு கையை எடுத்துச் சரிசெய்தேன்... அவ்வளவுதான். அதற்குள் கார் இடது பக்கமாக ஒதுங்கி, ரோட்டோரம் நின்ற லோடு வண்டியை நலம் விசாரிக்கக் கிளம்பிவிட்டது. பிரேக்கை மிதித்து, சாண் இடைவெளியில் நிறுத்தினேன். விளாங்குடி வரும்வரை இரண்டு கையாலும் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்தே ஓட்டினேன்.

எங்கள் காருக்கு ப்ளஸ் டூ படிக்கிற வயது. அதில்தான் தினமும் கோச்சடையிலிருந்து வாடிப்பட்டிப் பள்ளிக்கு வேலைக்குப் போய்வருகிறேன். மற்ற நேரத்தில் ஓட்டுவது என் வீட்டுக்காரர்.

வீட்டுக்கு வந்ததும் குனிந்து முன்சக்கரங்களைப் பார்த்தேன். இடது டயரின் வெளிப்பக்கம் புதுசு மாதிரி இருந்தது. உள்பக்கமோ வழுவழுவென்று தேய்ந்து, மழித்த தாடை போல!

வீட்டுக்காரரும் பார்த்தார். டயரை அல்ல, என்னை.

"நீ வளைவுல கண்டபடி ஒடிக்கிற சுமதி. அதான் இப்பிடித் தேஞ்சிருக்கு."

உடனே நண்பருக்குப் போன் போட்டார். ஸ்பீக்கரில் இருப்பதை நண்பரிடம் சொல்லவில்லை.

"மாப்ள, வீட்ல பொம்பளைக ஓட்டுனா கிளட்ச்சும் போகும், டயரும் போகும். தெரிஞ்ச கததான?" என்றார் நண்பர்.

போனை வைத்ததும் வீட்டுக்காரரின் தீர்ப்பு வந்தது. "பேசாம பஸ்ல போயிரு. இம்புட்டு டென்ஷன் எதுக்கு?"

பஸ் என்றால் இரண்டு இடத்தில் மாற வேண்டும். அதைவிட, ஸ்டியரிங் பிடித்த பிறகுதான் என் நேரம் என் கைக்கு வந்தது. அதை எப்படி விடுவது?

நான் நடத்துவது இயற்பியல். சோதனை செய்யாமல் முடிவெழுதும் பிள்ளைக்கு நான் மார்க் போட்டதில்லை. வீட்டுக்காரருக்கு மட்டும் எப்படிப் போடுவேன்?

முதலில் நான்கு சக்கரத்திலும் காற்றைச் சரிபார்த்தேன். இழுப்பு அப்படியே இருந்தது. அடுத்து, முன்னால் இருந்த இரண்டு டயர்களையும் இடம் வலமாக மாற்றிப் போடச் சொன்னேன். கோளாறு டயரில் என்றால் இப்போது வலது பக்கம் இழுக்க வேண்டுமே? இழுக்கவில்லை. பழையபடி இடதுதான்.

"ரோடு சாய்வா இருக்கும்ல..." என்றார் இவர்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் இவரையே ஓட்டச் சொல்லி, பள்ளி மைதானத்துக்குக் கூட்டிப்போனேன். சமதளம். "இப்ப கைய லேசா விடுங்க." கார் சமர்த்தாக இடது பக்கம் போனது. அங்கே ரோடே கிடையாது. நானும் ஓட்டவில்லை.

திரும்பும் வழியில் இவர் நேராக விளாங்குடியில் சக்கரக் கோணலை நிமிர்த்தும் ஒரு அலைன்மென்ட் கடைக்கு விட்டார்.

கடைக்காரர் காரை மேலே தூக்கி, இடது சக்கரத்துக்குப் பின்னால் கம்பியை விட்டு நெம்பினார். சக்கரத்தைத் தாங்கும் இரும்புக் கை லொடலொடவென்று ஆடியது.

"இந்தக் கையோட மூட்டுல இருக்குற ரப்பர் புஷ் கிழிஞ்சு ரொம்ப நாளாச்சுக்கா. அதான் சக்கரம் சாஞ்சு உள்பக்கமாத் தேயுது, வண்டியும் இழுக்குது. இத மாத்தாம அலைன்மென்ட் பாத்தாலும் நிக்காது."

இவர் கடைசி நம்பிக்கையோடு கேட்டார்: "ஓட்டுற விதத்துல கிழியுமாப்பா?"

"வயசாச்சுண்ணே. ரப்பர்தான."

புஷ் மாறியது. முன்னால் புது டயர்கள் போட்டு, அலைன்மென்ட்டும் பார்த்தாயிற்று. மறுநாள் கிளம்பினால்... கார் வலது பக்கம் போகிறது! திக்கென்றது. அப்புறம்தான் புரிந்தது. இழுப்பைச் சமாளிக்க இத்தனை காலம் ஸ்டியரிங்கை வலது பக்கமாகவே பிடித்துப் பழகியிருக்கிறேன். கையைத் தளர்த்தினேன். கார் கோடு போட்டது போல நேராகப் போனது. கொஞ்ச நாளில் என் தோள்பட்டை வலியும் போய்விட்டது. வயதின் வலி என்றல்லவா நினைத்திருந்தேன்?

நேற்று இவர் காரை எடுத்துக்கொண்டு போனார். கடுகடுவென்று திரும்பி வந்தார்.

"அந்தாளு வண்டியக் கெடுத்துட்டான். இப்ப வலது பக்கம் இழுக்குது."

"எனக்கு இழுக்கலையே?"

"உனக்கு என்னத்தத் தெரியும்?"

கோணலோடு நெடுநாள் குடித்தனம் நடத்தினால், நேராக இருப்பதுதான் கோளாறாகத் தெரியும் போல.

காருக்கு அலைன்மென்ட் பார்க்க மதுரையில் கடைகள் நிறைய உண்டு. கைக்குப் பார்க்கிறவர் யாராவது இருந்தால் எனக்கு ஒரு வரி எழுதுங்களேன்.