ஒரு துண்டு நஞ்சுக்கொடி

எண்பதுகளின் நடுவில் நான் ஓர் ஆய்வுக்கூடத்தில் உதவியாளராக இருந்தேன். உடப்புசல்லாவைப் பக்கம் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் லயத்தில் பிறந்து பட்டம் வரை படித்தவள் என்று எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. அந்தத் தலைக்கனத்தோடுதான் ராகலைக்கு மேலே ஒரு தோட்டத்து ஆஸ்பத்திரிக்குப் போய்வந்தேன். பிள்ளை பிறந்ததும் நஞ்சுக்கொடியில் விரல் நுனி அளவு வெட்டி, பதப்படுத்தும் திரவத்தில் போட வேண்டும். வேலை அவ்வளவுதான்.

ஆனால் உடனே போட வேண்டும். நாங்கள் தேடியது ஆர்.என்.ஏ. ஒரு செல் எதைத் தயாரிக்கிறதோ அதற்கான உத்தரவு அதில்தான் இருக்கிறது. உடம்பை விட்டு வெளியே வந்த திசுவில் அது சீக்கிரம் சிதைந்துவிடும். வெறும் கை பட்டாலும் போச்சு. கெடாமல் கொண்டுபோய்ச் சேர்த்தால், அதை மெல்லிய சீவல்களாக்கிக் கண்ணாடித் தகட்டில் ஒட்டி, கதிரியக்கம் ஏற்றிய ஒரு மரபணுத் துணுக்கை அதன்மேல் விடுவோம். தனக்குப் பொருந்துகிற ஆர்.என்.ஏ.வை அந்தத் துணுக்கு பிடித்துக்கொள்ளும். பிறகு போட்டோ பிலிமில் இருப்பது போன்ற ஒரு பூச்சைப் பூசி, இருட்டுப் பெட்டியில் வாரக்கணக்கில் வைத்துக் கழுவினால், பிடித்த இடமெல்லாம் கரும்புள்ளிகளாகத் தெரியும்.

லயத்தில் நஞ்சுக்கொடி வீட்டாருடைய சொத்து. மாமியார் சட்டியோடு வந்து வாங்கிப்போவார். நாய் தோண்ட முடியாத ஆழத்தில் புதைப்பார்கள். ஒரு துணுக்குக் குறைந்தாலும் பிள்ளைக்கு ஆகாது என்பார்கள். எனக்கு இது தெரியாது என்று சாதிக்க முடியாது. என்னுடையதையும் அப்படித்தான் புதைத்தார்கள்.

தாய்மாரிடம் முதலிலேயே கேட்டுவிட வேண்டும் என்று எங்கள் ஆய்வுக்கூடத் தலைவர் சொல்லியிருந்தார். சம்மதப் படிவம் ஆங்கிலத்தில் இருந்தது. தமிழில் எடுத்துச் சொல்வது என் பொறுப்பு.

அன்றைக்கு வலியெடுத்து வந்தவள் கொழுந்து எடுக்கிற பெண். இதற்கு முன் இரண்டு பிள்ளைகள் பிறந்து தங்கவில்லை. முதலில் என்னை மிஸ் என்றாள். நான் லயத்துப் பெண் என்று தெரிந்ததும் அக்கா என்று கையைப் பிடித்துக்கொண்டாள். காலையிலிருந்து அவள் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். கேட்க நேரமில்லை என்று பிறகு எனக்கு நானே சொல்லிக்கொண்டது பச்சைப் பொய். கேட்டால் மாட்டேன் என்பாள். அது தெரிந்துதான் கேட்கவில்லை.

பெண் பிள்ளை பிறந்தது. மிட்வைஃப் பிள்ளையைத் துடைத்துக்கொண்டிருந்தபோது நான் தடுப்புக்குப் பின்னால் போய் வெட்டினேன். துண்டைத் திரவத்தில் போட்டு மூடினேன். சட்டியை வெளியே கொடுக்கப் போகும்போது அவள் கேட்டாள்.

"முழுசா இருக்குங்களா அக்கா?"

"முழுசா இருக்கு. நீ தூங்கு."

வாய் கூசாமல் சொன்னேன். படிவத்தில் அவளுடைய சம்மதம் கிடைத்ததாகவும் எழுதினேன்.

அந்தத் துண்டு பிரமாதமாக வந்தது. நுண்ணோக்கியில் செல்களின் ஓரமெல்லாம் புள்ளிகள் அப்பியிருந்தன. தலைவர் தட்டிக்கொடுத்தார். நான் அன்றைக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தேன். இப்போது அதை நினைத்தால்தான் அதிகம் வெட்கமாக இருக்கிறது. ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். மாட்டேன் என்றிருந்தால் ஒரு தகடு குறைந்திருக்கும், அவ்வளவுதான்.

அடுத்த வருஷம் அதே அறையில் அவளைப் பார்த்தேன். அவளுடைய நாத்தனாருக்குப் பேறுகாலம். இடுப்பில் அந்தப் பிள்ளை, கொழுகொழுவென்று. பிள்ளையைப் பார்த்து நான் விட்ட பெருமூச்சு எனக்கே கேட்டது. அவளுடைய மாமியார் சட்டியோடு உள்ளேயே நின்றார். ஆஸ்பத்திரியில் என்னவோ எடுக்கிறார்கள் என்று தோட்டத்தில் பேச்சாம். தன் கண்ணால் பார்த்து வாங்கிப் போகாமல் நகரமாட்டேன் என்றார்.

அவள்தான் சமாதானப்படுத்தினாள். "நீங்க வெளிய உக்காருங்க அத்த. இந்த அக்கா இருக்காங்கல்ல. நம்ம புள்ளைக்கும் இவங்கதான் முழுசாக் குடுத்தாங்க."

மாமியார் என் முகத்தைப் பார்த்தார். பிறகு சட்டியை என் கையில் கொடுத்துவிட்டு வெளியே போனார்.

அன்றைக்கும் வெட்டினேன்.