கேஸ் போட்டவரிடமே ஜாமீனா?

போன வாரம் உத்தமபாளையம் கோர்ட்டிலிருந்து நேராக என் வீட்டுக்கு வந்தார் மாப்பிள்ளை. என் தங்கை செல்வியின் கணவர். ஓடைப்பட்டியில் திராட்சைத் தோட்டம். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. முகம் வெளுத்துப் போயிருந்தது.

"மச்சான், கேஸ் போட்டது நாங்க. எங்ககிட்டயே ஜாமீன் கேக்குறாக!"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஜாமீன் என்பது ஜெயிலுக்குப் போனவர்கள் சமாச்சாரம் அல்லவா? இவர்கள் என்ன கொலையா செய்தார்கள்?

மாப்பிள்ளை ஊர்க்காரர்கள் சிலர் சேர்ந்து ஒரு கம்பெனி நடத்துகிறார்கள். விவசாயிகளே முதலாளிகள், மாப்பிள்ளைதான் தலைவர். கம்பெனி பேரில் மொத்தமாக மருந்து வாங்கித் தோட்டங்களுக்கு அடித்தார்கள். குலை குலையாகப் பிஞ்சு கருகிவிட்டது. மருந்து விற்றவர் கையை விரித்தார். விடுவார்களா? நஷ்ட ஈடு கேட்டு வழக்குப் போட்டார்கள். "போடுங்க மாப்ள, பார்த்துக்கலாம்" என்று உசுப்பேற்றியவர்களில் நானும் ஒருவன்.

அன்று எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்து ஒரே கேள்விதான் கேட்டாராம். இந்தக் கம்பெனிக்கு என்ன சொத்து இருக்கிறது? நாளை தோற்றால், என் கட்சிக்காரரின் வழக்குச் செலவை யாரிடம் வசூலிப்பது?

ஜட்ஜ் கணக்கு வழக்கைப் பார்த்தார். அந்தச் செலவுக்கு முன்கூட்டியே ஜாமீன் கட்டச் சொல்லிவிட்டார். கெடுவுக்குள் கட்டாவிட்டால் வழக்கு தள்ளுபடி. கருகிய திராட்சைக்கு நியாயம் கேட்கவே வழியில்லை.

"ஏன் மாப்ள, பேக்கிங் ஷெட் இருக்கே? இடம் உங்களோடதுதானே?"

மாப்பிள்ளை தலையைக் குனிந்துகொண்டார்.

"அது... காளியம்மன் பேருல கெடக்கு மச்சான்."

காளியம்மன் பேரிலா!

இடம் வாங்கும்போது யார் பேரில் எழுதுவது என்று பெரிய சண்டை. தலைவர் பேரில் வேண்டாம், சுருட்டிவிடுவார். கம்பெனி பேரிலும் வேண்டாம், நாளைக்கே எவனாவது விற்றுவிடுவான். ஆத்தா பேரில் எழுதிவிட்டால் எவனும் கை வைக்க மாட்டான்... எல்லோரும் கை தட்டினார்கள். பொங்கல் வைத்துப் பத்திரம் முடித்தார்கள்.

தெரிந்த வக்கீலுக்கு போன் போட்டேன். அந்த இடத்தையே ஜாமீனாகக் காட்ட முடியாதா?

"சார், அது கம்பெனி சொத்தே இல்லையே. அதுவும் போக, சட்டத்தோட கண்ணுல சாமி ஒரு மைனர். மைனர் சொத்தை எடுத்து உங்க கேஸுக்கு ஜாமீன் கட்ட முடியுமா?"

ஊரையே காக்கிற காளியம்மன், மைனரா?

சாயங்காலம் ஷெட்டில் கூட்டம். நானும் போனேன். யாராவது தங்கள் நிலத்தை ஜாமீனாகக் கொடுத்தால் வழக்கு பிழைக்கும் என்றார் மாப்பிள்ளை. கேஸ் போடலாமா என்று கேட்டபோது தூக்கிய கைகளில் ஒன்றுகூட இப்போது மேலே வரவில்லை. ஒருவர் போன் வந்த மாதிரி வெளியே நழுவினார். போன் வரவே இல்லை!

பெண்கள் பக்கத்திலிருந்து செல்வி எழுந்தாள். அவளும் கம்பெனியில் ஒரு பங்குதாரர்.

"எங்கப்பா எனக்கு எழுதி வச்ச தோட்டத்தக் குடுக்கேன்."

அப்பா நட்ட கொடிகள் அவை. "ஏத்தா, யோசிச்சுப் பேசு" என்றேன்.

"யோசிச்சுட்டேண்ணே. கருகுனது அந்தத் தோட்டமுந்தான. ஆனா ஒண்ணு. இனிமே எந்த இடம் வாங்குனாலும் கம்பெனி பேருலதான் எழுதணும்."

கூட்டம் சலசலத்தது. முன்வரிசைப் பெரியவர் ஒருவருக்குப் பொறுக்கவில்லை.

"கம்பெனி பேருலயா? அப்பறம் எவனும் கை வைக்காமப் பாத்துக்கிறது யாரு தாயி?"

செல்வி எல்லோரையும் ஒரு பார்வை பார்த்தாள்.

"ஏன், நாமெல்லாம் செத்தா போயிட்டோம்?"

எதிராளியை நம்பாததில் தப்பில்லை. ஆனால் இவர்கள் ஒருத்தரை ஒருத்தர் நம்பவில்லை என்பதை கோர்ட் அல்லவா கண்டுபிடித்துச் சொல்ல வேண்டியிருந்தது!