மைக்கில் வராத என் பெயர்

எங்கள் ஊர் மாரியம்மன் கோயில் திருவிழாவுக்கு வருஷா வருஷம் வந்த மெல்லிசைக் குழு நான் இப்போது இருக்கும் மஸ்கட்டுக்கு வருகிறது என்று தெரிந்த அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன். இந்தத் தடவை என் பெயர் மைக்கில் வந்தே ஆக வேண்டும். யார் குறுக்கே நின்றாலும் சரி.

சிரிக்க வேண்டாம், விஷயம் இருக்கிறது. திருவாரூர் பக்கம் எங்கள் ஊர். அறுவடை முடிந்து காய்ந்து கிடக்கும் வயலில்தான் மேடை போடுவார்கள். அரிதாள் குத்தும் என்று சாக்கை விரித்து உட்காருவோம். குழுவில் ஓர் அக்கார்டியன், கீபோர்டு, தபலா, பாடுகிறவர்கள் நாலு பேர், கணீரென்று பேசும் அறிவிப்பாளர் ஒருவர். அவர்கள் என்றால் எனக்கு உயிர்.

நாலு பாட்டு முடிந்ததும் சீட்டு வாங்க ஆரம்பிப்பார்கள். பிடித்த பாட்டையும் பெயரையும் துண்டுக் காகிதத்தில் எழுதி முன்னால் இருப்பவரிடம் கொடுத்தால், கை மாறிக் கை மாறி மேடைக்குப் போகும். போகிற வழியில் பத்துப் பேராவது பிரித்துப் படிப்பார்கள். அறிவிப்பாளர், "விரும்பிக் கேட்பவர், மேலத்தெரு இன்னார்" என்று முழங்கிவிட்டுப் பாட்டைத் தொடங்கச் சொல்வார். மறுநாள் முழுக்க அந்த இன்னாருக்கு ஊரில் தனி மரியாதை.

அதெல்லாம் ஆம்பளைகளுக்கு. ஒரு வருஷம் கீழத்தெருப் பெண் ஒருத்தி துணிந்து தன் பெயரையே எழுதிக் கொடுத்தாள். பெயரைப் படித்ததும் நாலா பக்கமும் விசில் பறந்தது. அவளை அண்ணன்காரன் கையைப் பிடித்துத் தரதரவென்று வீட்டுக்கு இழுத்துப் போனான். அந்தத் திருவிழா முடியும்வரை அவள் வெளியே தலைகாட்டவில்லை. "பொம்பளப் புள்ள பேரு மைக்ல வரலாமாடி? எவ்வளவு அசிங்கம்!" என்று அம்மா அதை வைத்தே எனக்கும் ஒரு பாட்டு விட்டாள்.

அதனால் நான் பாட்டை எழுதி, கீழே என் அண்ணன் பெயரைப் போட்டு அனுப்புவேன். எட்டு வருஷம் அப்படித்தான். தாளத்துக்கு ஒழுங்காகக் கைதட்டக்கூடத் தெரியாத மனுஷன், நான் கேட்ட பாட்டுக்கெல்லாம் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு திரிந்தான். டீக்கடைக்காரர் என்னிடமே சொன்னார், "உங்க அண்ணனுக்கு என்னா ரசனைம்மா!" எனக்கு வயிறு எரிந்தது. இன்றைக்கு நினைத்தாலும் எரிகிறது.

மஸ்கட்டில் ஒரு ஆஸ்பத்திரி லேபில் எனக்கு வேலை. நிகழ்ச்சி வெள்ளிக்கிழமை சாயங்காலம், அன்றைக்குப் பார்த்து எனக்கு டியூட்டி. கூட வேலை பார்க்கும் மலையாளிப் பெண்ணிடம் அவளுடைய இரண்டு வெள்ளிக்கிழமைகளை வாங்கிக்கொண்டு என்னுடைய ஒன்றைத் தள்ளிவிட்டேன். வீட்டுக்காரர், "இதுக்கு இவ்வளவு பாடா? யூடியூப்ல கேட்டா ஆவாதா?" என்றார்.

"யூடியூப் என் பேரைச் சொல்லுமா?"

அவர் கார் சாவியை எடுத்தார்.

அரங்க வாசலில் கோட் போட்ட தமிழ்ச் சங்கத்துக்காரர் ஒருவர் நின்றார். சீட்டை யாரிடம் கொடுப்பது என்று கேட்டேன். "சீட்டெல்லாம் இல்லைங்க மேடம். வாட்ஸ்அப்ல பாட்டை மட்டும் அனுப்புங்க. பேரு படிக்கவெல்லாம் நேரம் இருக்காது" என்றார். பாட்டை மட்டுமாம்! பாட்டு யாருக்கு வேண்டும்?

ஆனால் திரை விலகி அந்த அக்கார்டியன் முதல் இழுப்பு இழுத்ததும் எனக்கு எல்லாம் மறந்துபோனது. அதே ஆள்தான், தலை மட்டும் பஞ்சாக வெளுத்திருந்தது. அறிவிப்பாளரும் அவரேதான். வெட்கமே இல்லாமல் தேம்பித் தேம்பி அழுதேன். வீட்டுக்காரர் கர்ச்சீப்பை நீட்டினார்.

நாலாவது பாட்டு முடியப் போகும்போது சுதாரித்துக்கொண்டேன். கைப்பையைக் குடைந்து ஒரு பழைய பில்லை எடுத்து, அதன் முதுகில் அவசர அவசரமாக எழுதி, நாலாக மடித்து முன்சீட்டுக்காரரிடம் நீட்டினேன். அவர் திருதிருவென்று விழித்தார். அவருக்கு அடுத்திருந்த பெரியவர் திரும்பிப் பார்த்து, "சீட்டா? எந்த ஊரும்மா நீங்க?" என்றார்.

"திருவாரூர் பக்கம்."

"நான் திருக்காட்டுப்பள்ளி. குடுங்க, குடுங்க!" என்று வாங்கியவர், கோட்டுக்காரரைக் கண்டுகொள்ளாமல் தானே நடந்துபோய் மேடையில் வைத்துவிட்டு வந்தார்.

அறிவிப்பாளர் காகிதத்தைப் பார்த்ததும் முகமெல்லாம் மலர்ந்துவிட்டார். "அடடா, சீட்டு வந்திருக்கு! பார்த்து எத்தனை வருஷமாச்சு!" என்று பிரித்தார். மழையைப் பற்றிய ஒரு பழைய பாட்டின் பெயரைச் சொன்னார். பிறகு, "விரும்பிக் கேட்பவர், மேலத்தெரு..." என்று இழுத்து, கணீரென்று என் அண்ணன் பெயரைப் படித்தார்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. நான்தான் எழுதியிருக்கிறேன். எட்டு வருஷம் எழுதிய கை, அவசரத்தில் அதுபாட்டுக்கு எழுதிவிட்டது.

"உங்கண்ணன் எப்ப மஸ்கட் வந்தாரு?" என்று வீட்டுக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். மேடையில் பாட்டு ஆரம்பித்துவிட்டது. போகட்டும் என்று விட்டிருக்கலாம். அப்படி விட்டு விட்டுத்தான் இத்தனை வருஷம் போனது. எழுந்தேன்.

நடுவழியில் நடந்து மேடைக்குக் கீழே போய் நின்றேன். கோட்டுக்காரர் ஓடிவந்தார். "மேடம், உட்காருங்க ப்ளீஸ்."

"உட்கார மாட்டேன்."

அறிவிப்பாளர் குனிந்து என்னவென்று கேட்டார். "பாட்டை நிறுத்துங்கய்யா. நீங்க படிச்சது எங்க அண்ணன் பேரு. எழுதுனது நான். அப்ப ஊர்ல எழுதுனதும் நான்தான். பேரை மாத்திப் படிங்க" என்றேன்.

அவர் கையை உயர்த்தினார், பாட்டு நின்றது. பேனாவை எடுத்துக்கொண்டு, "சொல்லுங்கம்மா. இன்னாரு மகள்னு போடணுமா, இன்னாரு சம்சாரம்னு போடணுமா?" என்று கேட்டார்.

"ஒண்ணும் வேண்டாங்க. என் பேரும் தெருவும் போதும்" என்று பெயரைச் சொன்னேன்.

அவர் நிமிர்ந்தார். வயல்வெளியில் கேட்ட அதே குரலில், ஒவ்வோர் எழுத்தாக நிறுத்தி, என் பெயரைப் படித்தார்.

பின்னாலிருந்து ஒரு விசில் பறந்தது. கீழத்தெருப் பெண்ணுக்குப் பறந்த விசில் ஞாபகம் வந்தது. திரும்பினேன். வீட்டுக்காரர் நாற்காலிமேல் ஏறி நின்று, வாயில் இரண்டு விரலை வைத்து அடித்துக்கொண்டிருந்தார்.

நான் இடத்துக்குத் திரும்பிப் போகவில்லை. எல்லோரும் பார்க்க, அங்கேயே நின்று, என் பாட்டை முழுசாகக் கேட்டேன்.