டிரான்சிஸ்டரின் கால்

எங்கள் வீட்டில் எதையும் ஒட்ட நறுக்கும் வழக்கம் கிடையாது. பள்ளிச் சீருடை தைத்தால்கூட, வளர்கிற பிள்ளை என்று இரண்டு விரல் துணியை உள்ளே மடித்து விட்டுத்தான் தைப்போம். ரேடியோ செய்ய உட்கார்ந்தபோதும் எனக்கு அதே புத்திதான்.

நாகமலை புதுக்கோட்டையில் பக்கத்து வீட்டுத் தோழியும் நானும், வீட்டிலிருந்தே ரேடியோவில் பேசிக்கொள்ள லைசன்ஸ் தருகிற ஹாம் ரேடியோ தேர்வைச் சேர்ந்தே எழுதித் தேறினோம். பிறகு அவளுக்கு ராமநாதபுரத்துக்கு மாறுதல் வந்தது. ரேடியோவில் முதல் பேச்சு அவரவர் கையால் செய்த செட்டில்தான் என்று பேசி வைத்துக்கொண்டோம். போனில் தினமும் பேசுவோம், அது வேறு கணக்கு. அவள் செட்டு முந்திக்கொண்டது. சாயங்காலமானால் அவள் என்னைக் கூப்பிடுவது என் ரிசீவரில் கேட்கும். பதில் சொல்ல எனக்கு டிரான்ஸ்மிட்டர் இல்லை. வயிற்றெரிச்சலாக இருக்கும்.

கப்பலூர் ஃபேக்டரி ஒன்றில் கழித்துப் போட்ட செம்புத் தகட்டின்மேல்தான் கட்டினேன். அச்சடித்த போர்டு கிடையாது. பாகங்களின் கம்பிக் கால்களை அந்தரத்தில் ஒன்றோடொன்று சால்டர் பண்ணி, எர்த்துக்குப் போகிற காலை மட்டும் தகட்டில் ஊன்றுவேன். எந்தக் காலையும் நறுக்கவில்லை. சரிவராவிட்டால் கழற்றி வேறெதற்காவது வைத்துக்கொள்ளலாமே.

சுவிட்சைப் போட்டால், நான் வாய் திறக்கும் முன்பே செட்டு தானாக ரிசீவரில் கத்தியது. என் கணவர் எட்டிப் பார்த்தார்.

"இந்தக் காக்காக் கூட்ட விடு. ரெடிமேடா ஒண்ணு வாங்கிக்கிருவோம்."

நல்லதுக்குத்தான் சொன்னார். எனக்குத்தான் சுருக்கென்றது. பிரித்தேன், மறுபடி கட்டினேன். பவர் டிரான்சிஸ்டர்கள் ஒவ்வொன்றாகச் சூடேறிப் போயின. கடைசியாக ஒன்றுதான் மிஞ்சியது. அந்த நம்பர் டிரான்சிஸ்டர் இனிமேல் வராது என்று கோரிப்பாளையம் கடையில் கைவிரித்துவிட்டார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, மரக்குச்சியால் அதன் நீண்ட காலைத் தகட்டுப் பக்கம் அழுத்தினேன். கத்தல் சுருதி மாறி, அடங்கப் பார்த்தது. அந்த நீளம்தான் வினை. கால் நீண்டால் செட்டு தன் அலையையே திரும்ப வாங்கிக் கத்தும் என்று புத்தகத்தில் படித்ததுதான், கைக்கு ஏறவில்லை. ஒட்ட நறுக்கினால் இந்த டிரான்சிஸ்டர் வேறெதற்கும் ஆகாது. ஆகாவிட்டால் போகிறது என்று நறுக்கினேன். மற்ற கால்களையும் விடவில்லை. எல்லாவற்றையும் தகட்டை ஒட்டிச் சால்டர் பண்ணினேன்.

சாயங்காலம் சுவிட்சைப் போட்டால் சத்தமே இல்லை. செத்தே போய்விட்டதோ என்று பயந்துபோனேன். மைக்கைப் பிடித்து அவளைக் கூப்பிட்டேன். கொஞ்சம் இரைச்சல், பிறகு அவள் குரல்.

"கேக்குதுடி. எங்கிட்டுடி போயிருந்த இம்புட்டு நாளா?"

"வந்துட்டேன்டி," என்றேன். அழுகை வந்துவிட்டது. மதியம்தான் போனில் அரைமணி நேரம் பேசியிருந்தோம்.