ஆறுதலாப் போவம்

கோயிலில் அறிமுகமான யாழ்ப்பாணத்துக்காரர் ஒருவர், மியோசா ஏரியில் தன் படகில் சுற்றிக் காட்டுவதாக அழைத்தார். ஒரே நாளில் மூன்று கரையோர ஊர்களைப் பார்த்துவிடலாம் என்று, மதுரைக்காரனான நான் ஒஸ்லோவிலிருந்து விடியற்காலையிலேயே கிளம்பிப் போனேன்.

நல்ல உயரம், நரைத்த மீசை, வெயில் இல்லாதபோதும் கழற்றாத கறுப்புக் கண்ணாடி. படகுத்துறையில் கட்டிய கயிற்றை அவிழ்த்து மறுபடி கட்டுவது அவர் பழக்கம். முதல் ஊரிலேயே மதியம் ஆகிவிட்டது.

"அண்ணே, கொஞ்சம் வேகமாப் போலாமே?"

"ஆறுதலாப் போவம் தம்பி."

எனக்கு எரிச்சலாக வந்தது. எங்கள் ஊரில் ஆறுதல் சொல்வது இழவு வீட்டில்தான்.

"எனக்கு எதுக்குண்ணே ஆறுதல்? அடுத்த ஊர் ஹாமரைக் காட்டுங்க, போதும்."

அவர் சிரித்தார். "ஆறுதலா எண்டால் மெதுவா, தம்பி. ஹாமர் எங்கையும் ஓடிப் போகாது."

ஹாமர் ஓடவில்லைதான். ஆனால் நாங்கள் போய்ச் சேர்ந்தபோது கடைகளெல்லாம் பூட்டிக் கிடந்தன. அவர் நிதானமாகக் கயிற்றை அவிழ்த்துக் கட்டிக்கொண்டிருந்தார். மூன்றாவது ஊரைப் பார்க்காமலே திரும்பினோம்.

அடுத்த வாரம் ஒஸ்லோவில், ஹவுகெட்டோ நிறுத்தத்தில் பேருந்தைப் பிடிக்க ஓடினேன். ஓட்டுநர் இருக்கையில் அதே மீசை, அதே கறுப்புக் கண்ணாடி.

"அண்ணே, நீங்களா!" என்று படியிலேயே நின்றுவிட்டேன்.

அவர் சிரிக்கவில்லை. பார்வை கடிகாரத்தில் இருந்தது.

"கெதியா ஏறுங்கோ தம்பி, பிந்திப் போச்சு! அடுத்த ஸ்டொப்பிலை சனம் நிக்குது."

கதவு என் முதுகை உரசிக்கொண்டு மூடியது.

மூன்றாவது ஊரைப் பார்க்காத கோபம் எனக்கு இன்னும் தீரவில்லை. ஆனால் அன்று ஏரியில் அவர் ஆறுதல் சொன்னது எனக்கில்லை, தனக்குத்தான் போலிருக்கிறது.