எனக்கு ஆச்சு

என் மனைவி பொய் சொல்ல மாட்டாள். அதனால்தான் எனக்குச் சந்தேகம் வலுத்தது.

பஸ் ஸ்டாண்டு பக்கம் சின்னத் தையல் கடை வைத்திருக்கிறேன். மத்தியானம் வீட்டுக்கு வந்துதான் சாப்பாடு. ஆடி மாதம், வெள்ளிக்கிழமைகளில் மட்டும், எனக்குப் பரிமாறிவிட்டு அவள் சும்மா நிற்பாள். "நீ சாப்பிடலையா?" என்று கேட்டால் "எனக்கு ஆச்சு" என்பாள். சாப்பிட்டேன் என்று ஒரு நாளும் சொல்லவில்லை.

இன்னொன்றும் கண்ணில் பட்டது. அந்த நாட்களில் மட்டும் தலையில் எண்ணெய் வைத்துப் படிய வாரி, முகம் கழுவி, பவுடர் போட்டிருந்தாள். மற்ற நாளெல்லாம் சாயங்காலம்வரை அள்ளி முடிந்த கொண்டையோடு வேலை செய்கிறவள்.

எதிர்வீட்டு அம்மா தண்ணீர் பிடிக்கும்போது கேட்டே விட்டார்.

"அண்ணாச்சி, மதினி வெள்ளிக்கெழம தவறாம எண்ண வைக்காகளே, அம்பாளுக்கு வெரதமா? சொல்லியிருந்தா ஆடித்தபசுக்குக் கோயிலுக்கு நானே கூட்டிட்டுப் போயிருப்பம்லா."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நாங்கள் சபைக்குப் போகிற கிறிஸ்தவர்கள். எங்கள் மகளுக்கு இரண்டு முறை கரு தங்கவில்லை. அப்போது மூன்றாவது தரம், மூன்று மாதம். பயந்த தாய் எந்தக் கோயில் வாசலிலும் போய் நிற்பாளே என்று மனசு கண்டபடி ஓடியது.

அடுத்த வெள்ளி, சொல்லாமல் பதினொரு மணிக்கே வந்தேன். உள்ளறையில் முழங்காலில் இருந்தாள். மகள் பெயரைச் சொல்லி ஆண்டவரிடம் அழுதுகொண்டிருந்தாள். வெட்கமாகப் போயிற்று. அவள் எழுந்து வந்தபோது கை நடுங்கியது. அவளுக்குச் சர்க்கரை நோய் உண்டு.

"மாத்திர போட்டியா?"

"போட்டேன்."

"சாப்ட்டியா?"

"எனக்கு ஆச்சு."

"என்னட்டி ஆச்சு?"

"ஜெபம் ஆச்சு."

"உபவாசம்னு சொன்னா என்ன?"

"ஊருக்குத் தெரிஞ்சா அது உபவாசமா? எண்ண வச்சு, மொகங்கழுவி, வெளிய தெரியாம இருக்கணும்னுதான ஆண்டவர் சொல்லுதாரு."

"ஏட்டி, புருசனும் ஊரா?"

சுகர் இறங்கித்தான் கை நடுங்குகிறது என்று புரிந்தது. சர்க்கரையைக் கரைத்துக் கொடுத்தேன், குடித்தாள்.

உபவாச ஜெபத்தை நானும் நம்புகிறவன். வயிறு காய்ந்தால் அலங்கார வார்த்தைகள் போய், கெஞ்சல் மட்டும் மிஞ்சும். நிறுத்து என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனால் மாத்திரையைப் போட்டுவிட்டுப் பட்டினி கிடந்தால் விழுந்துவிடுவாள் என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். சபைப் போதகரிடம் கூட்டிப் போனேன்.

"டாக்டர் சொல்லுத நேரத்துக்குக் கஞ்சி குடிங்கம்மா. கறி, காப்பி, டிவி இதையெல்லாம் விட்ருங்க. அதுவும் உபவாசந்தான்" என்றார்.

உடனே தலையாட்டினாள். அவ்வளவு சீக்கிரம் சம்மதிக்கிறவள் இல்லை.

அதனால் இப்போது வெள்ளிக்கிழமை கஞ்சி நேரத்தில் எதிரே உட்கார்ந்துவிடுகிறேன். தம்ளரைச் சாய்த்தும் பார்ப்பேன். "போலீசுக்குப் போயிருக்க வேண்டிய ஆளு" என்பாள். அப்புறம் இரண்டு பேரும் முழங்காலிடுவோம். மகளுக்கு ஏழாம் மாதம். மகளுக்காகவும் வயிற்றுப் பிள்ளைக்காகவும் மனைவி கேட்கிறாள். நான் இவளுக்காகவும் சேர்த்துக் கேட்கிறேன்.

நேற்று ஜெபம் முடித்து எழும்போது சுவரைப் பிடித்தாள்.

"காலு மரத்துப்போச்சு."

இருக்கலாம். சுகர் இறங்கியும் இருக்கலாம். சுகர் பார்க்கிற மிஷினை எடுத்து வந்தேன். அவளே விரலை நீட்டினாள்.