அடுத்த இடது கால்

என் மகள் பள்ளி பேண்டில் பெரிய டிரம் அடிப்பவள். கழுத்து வாரில் அந்த டிரம் தொங்கும்போது அவள் முகம் பாதிதான் வெளியே தெரியும். ஒன்பதாம் வகுப்பில் அந்த டிரம்மை அவளிடமிருந்து பிடுங்கியவள் நான்தான். பெற்ற தாய். இதை முதலிலேயே சொல்லிவிட்டால் எனக்கு மனசு கொஞ்சம் லேசாக இருக்கும்.

எங்கள் ஊர் பாபநாசம் பக்கம். ஆறு மா நிலம், அதாவது இரண்டு ஏக்கர். வீட்டுக்காரர் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறார். நிலத்தையும் மகளையும் இங்கே நான் பார்க்கிறேன். எனக்குக் கோபம் மூக்குநுனியில் இருக்கிறது என்று அவர் சொல்வார். கடல் தாண்டி உட்கார்ந்துகொண்டு அப்படிச் சொல்வது சுலபம். இங்கே வந்து ஒரு நாள், ஒரே ஒரு நாள், அவளைப் பள்ளிக்கூடத்துக்குக் கிளப்பிப் பார்க்கட்டும்.

ஒரு காலில் சாக்ஸ் போட்டுக்கொண்டே இன்னொரு சாக்ஸைத் தேடுவாள். தேடப் போன இடத்தில் பழைய பேட்டரி ஒன்று கிடைக்கும். பேட்டரியைப் போட்டுப் பார்க்க டார்ச் லைட்டைத் தேடுவாள். பஸ் போய்விடும். உறவுக்காரர்கள் "சேட்டை, ரெண்டு போடு போட்டா சரியாயிடும்" என்றார்கள். ரெண்டு போடும் போட்டுப் பார்த்தேன், மறைப்பானேன். நாலாம் வகுப்பில் டீச்சர் சொல்லி, தஞ்சாவூரில் ஒரு டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். மூன்று தடவை வரவழைத்துப் பேசிப் பார்த்துவிட்டு, சீட்டில் ஏ.டி.எச்.டி. என்று எழுதி, தினமும் போட மாத்திரையும் கொடுத்தார்.

"சேட்டை இல்லைங்கம்மா. இவளுக்குக் கவனம் இல்லாம இல்ல. எல்லாப் பக்கமும் ஒரே நேரத்துல போகுது. திட்டித் திட்டி அதை நிறுத்த முடியாதுங்க."

சரிங்க சரிங்க என்று தலையை ஆட்டிவிட்டு வந்தேன். பஸ் பாபநாசம் வந்து சேர்வதற்குள் இரண்டு தடவை திட்டிவிட்டேன். தண்ணீர் பாட்டிலை ஆஸ்பத்திரி பெஞ்சிலேயே வைத்துவிட்டு வந்திருந்தாள்.

ஏழாம் வகுப்பில் பேண்டில் சேர்ந்தாள். செவ்வாய், வியாழன், சனி மூன்று நாளும் காலையில் ஏழே முக்கால் மணிக்குப் பயிற்சி. அந்த மூன்று நாளும் அவளே எழுந்துகொள்வாள், அவளே மாத்திரையைக் கேட்டு வாங்கிப் போட்டுக்கொள்வாள். இதைக் கண்ணால் பார்த்தும் எனக்கு உறைக்கவில்லை. மார்க் வரவில்லையே என்பதுதான் என் கவலை. ஒன்பதாம் வகுப்பு முதல் இடைத்தேர்வில் கணக்கில் முப்பத்தொன்று. முப்பத்தைந்து எடுத்தால்தான் பாஸ்.

அந்த வருஷம் சம்பாவுக்கு நாற்று விட்டிருந்தோம். ஆற்றில் தண்ணீரை முறை வைத்துத்தான் விடுகிறார்கள். விதை தெளித்த மறுநாள் எங்கள் வாய்க்காலுக்கு முறை வந்தது. சனிக்கிழமை, அவள் பயிற்சி முடிந்து வீட்டுக்கு வந்திருந்தாள். நான் உரத்துக்காகக் கூட்டுறவுச் சங்கத்துக்குப் போக வேண்டும். மடையைத் திறந்துவிட்டு, நாற்றங்காலில் ஒரு குச்சியை நட்டேன்.

"இந்தக் குச்சியில கோடு போட்டிருக்கேன் பாரு, அது வரைக்கும் தண்ணி ஏறினதும் மடையை அடைச்சிடு. அரை மணி நேரந்தான். மறந்துடாதடி."

"சரிம்மா. நான் என்ன சின்னப் புள்ளையா?"

ஒன்றரை மணி நேரம் கழித்துத் திரும்பினேன். ரோட்டிலேயே சத்தம் கேட்டது. மோட்டார் கொட்டகையின் தகரக் கதவில் இரண்டு குச்சியால் அடித்துக்கொண்டிருந்தாள். கண் பாதி மூடியிருந்தது. அவளுக்குப் பின்னால் நாற்றங்கால் குளமாகக் கிடந்தது. முளைகட்டிய விதையெல்லாம் தண்ணீரோடு போய், வடித்துக் கொட்டிய சோறு மாதிரி ஒரு மூலையில் ஒதுங்கியிருந்தது.

"அடிப் பாவி! குடியைக் கெடுத்தியேடி!"

குச்சிகளைப் பிடுங்கி வாய்க்காலில் எறிந்தேன். "இனிமே டிரம்மும் கிடையாது, டும்மும் கிடையாது!" என்று கத்தினேன். அடுத்த வயலில் நின்றவர்களெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். அவள் பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு சேற்றில் இறங்கி, இரண்டு கையாலும் விதையை அள்ளி அள்ளிப் பழைய இடத்தில் போட்டாள்.

"நீ நட்ட குச்சியைப் பார்த்துக்கிட்டேதாம்மா இருந்தேன்," என்றாள். அது பொய் இல்லை என்று இன்றைக்குத் தெரியும். முதல் ஐந்து நிமிஷம் பார்த்திருப்பாள்.

திங்கட்கிழமை பள்ளிக்கூடத்துக்குப் போய், இவளைப் பேண்டிலிருந்து எடுத்துவிடுங்கள் என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தேன். வயல்காரிக்கு வேறு எப்படி யோசிக்கத் தெரியும்? வாய்க்காலில் ஒரு கிளையை அடைத்தால் அடுத்த கிளைக்குத் தண்ணீர் கூடுதலாகப் போகும். டிரம்மை அடைத்தால் கணக்குக்குப் போகும் என்று நினைத்தேன். போனில் வீட்டுக்காரர், "கொஞ்சம் யோசிச்சு செஞ்சிருக்கலாம்ல," என்றார். "யோசிக்கிறவங்க இங்க வந்து நாத்து விடுங்க," என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன்.

காலாண்டுத் தேர்வில் கணக்கு பத்தொன்பது. அறிவியலும் போச்சு. எல்லா நாளும் ஒரே மாதிரி ஆகிவிட்டது, எந்த நாளிலும் அவளாக எழுந்துகொள்ளவில்லை. மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு வெறித்துப் பார்ப்பாள். என்னோடு சண்டைகூடப் போடவில்லை. அதுதான் என்னைப் பயமுறுத்தியது.

மார்க் அட்டையில் கையெழுத்துப் போடப் போனபோது கணக்கு டீச்சர் ஒன்று சொன்னார். "முன்னாடியெல்லாம் செவ்வாய், வியாழன் முதல் பீரியடாவது ஒழுங்கா உட்காருவா. பேண்டு முடிச்சு வேர்த்துப்போய் வந்து அமைதியா நாலு கணக்குப் போடுவா. இப்ப அதுவும் இல்லைங்க."

எனக்குச் செவிட்டில் அறைந்த மாதிரி இருந்தது. அப்படியே மைதானத்துக்குப் போனேன். பேண்டு பார்த்துக்கொள்ளும் பி.டி. சாருக்கு என்னைவிட வயசு குறைவு. அவரிடம் கேட்டேன், இவளுக்குப் போய் ஏன் பெரிய டிரம்மைக் கொடுத்தீர்கள் என்று.

"முதல்ல சிம்பல்ஸ்தாங்க, அந்த ரெண்டு பித்தளைத் தட்டு, அதைத்தான் குடுத்தேன். அவ முறை வர்றதுக்குள்ள மரத்துல அணிலைப் பார்க்கப் போயிடுவா. காத்திருக்கிற வேலை அவளுக்கு ஆகாதுங்க. பெரிய டிரம்ல காத்திருக்கிறதே இல்ல. அவ நிறுத்தினா நாப்பது பேர் காலும் நின்னுடும். அது அவளுக்குத் தெரியும், அதனால நிறுத்த மாட்டா."

திரும்பச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று தலைமையாசிரியை அறையில் போய் நின்றேன். ஒரு மாசத்துக்கு முன்னால் எடுங்கள் எடுங்கள் என்று குதித்தவள் நான். அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"பிராக்டிஸுக்கு வரட்டும்மா. ஆனா அரையாண்டுல எல்லாப் பாடத்துலயும் பாஸ் பண்ணணும். ஒண்ணுல போனாலும் குடியரசு தினத்துக்கு டிரம் வேற பொண்ணுக்குத்தான். எல்லாருக்கும் வச்சிருக்கிற ரூல்தான் இது."

வீட்டுக்கு வந்து சொன்னதும் அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே. அடுத்த நொடி அது வாடிப்போனது. "கணக்குலயுமாம்மா?" என்றாள்.

கையில் இரண்டு மாசம் இருந்தது. வீட்டில் உட்கார வைத்தால் இரண்டு கேள்விக்குப் பதில் சொல்வாள், மூன்றாவதற்கு ஜன்னலுக்குப் போய்விடுவாள். ஒரு சாயங்காலம் வயலைப் பார்க்கப் போக வேண்டியிருந்தது. விட்டுவிட்டுப் போனால் படிக்க மாட்டாளே என்று அறிவியல் புத்தகத்தோடு இழுத்துக்கொண்டு போனேன். வரப்பில் நான் முன்னால் நடந்துகொண்டே கேள்வி கேட்க, அவள் பின்னால் பதில் சொல்லிக்கொண்டே வந்தாள். கிழக்கு வரப்பிலிருந்து மேற்கு வரப்புக்குப் போவதற்குள் ஒன்பது கேள்வி முடிந்துவிட்டது. நான் நின்று திரும்பிப் பார்த்தேன். "ஏம்மா நின்னுட்ட? அடுத்ததைக் கேளு," என்றாள்.

ஒரு சாண் அகல வரப்பு. கவனம் பிசகினால் கால் சேற்றில். அவளுக்கு அது தோதாக இருந்தது. இரண்டே தடவைதான் விழுந்தாள். நான் மூன்று தடவை.

பிறகு தினமும் அதுதான். போகப் போகப் பதிலெல்லாம் மார்ச் நடையில் வர ஆரம்பித்தது. செல்லின் பாகங்கள், லெப்ட் ரைட். அடுத்த வயல் அக்கா களை எடுத்துக்கொண்டே, "என்னடி, வரப்புல கொடியேத்துறீங்களா ஆத்தாளும் மகளும்?" என்று கேலி செய்வார். "ஆமாக்கா, முட்டாய் தர்றோம், நில்லுங்க," என்பேன்.

ஒரு நாள் நடையில் என் கால் தப்பிவிட்டது. அவளோடு சேர முடியாமல் தடுமாறி நின்றேன்.

"நிக்காதம்மா," என்றாள். "முதல்லேருந்தும் ஆரம்பிக்காத. கால் விட்டுப்போச்சுன்னா அடுத்த இடது கால் வருதுல்ல, அதுல சேந்துக்கணும். அவ்வளவுதான். பேண்டுல எல்லாருக்கும்தான் விட்டுப்போகும்."

"உனக்குமா?"

"டிரம்முல விடாது. நடக்கும்போது விடும்."

கணக்கை நடந்துகொண்டே போட முடியாதே. மோட்டார் கொட்டகைப் படியில் உட்கார்ந்து ஐந்து கணக்கு, எழுந்து வயலை ஒரு சுற்று, மறுபடி ஐந்து கணக்கு. தண்ணீரையே முறை வைத்து விடுகிற ஊரில் பிறந்து வளர்ந்தவள் நான். ஒன்றை அடைக்க வேண்டாம், முறை வைத்தால் போதும் என்பது எனக்கு ஏன் செப்டம்பரில் தோன்றவில்லை? அதை நினைத்தால் இப்போதும் எனக்கு என் மேலேயே ஆத்திரம் வருகிறது.

எல்லா நாளும் இனித்தது என்று சொன்னால் பொய். ஒரு நாள் ஒரே கணக்கை ஏழு தடவை தப்பாகப் போட்டாள். கூட்டல் குறியைக் கழித்தல் என்று படித்திருக்கிறாள். நான் நோட்டைப் பிடுங்கி எறிய, அது வாய்க்காலில் விழ, அவள் அழ, மூன்று நாள் எங்களுக்குள் பேச்சே இல்லை. நாலாம் நாள் அவளே நனைந்து உப்பிய நோட்டை எடுத்துக்கொண்டு கொட்டகைக்குப் போய் உட்கார்ந்தாள். நான் வாயை மூடிக்கொண்டு பின்னாலேயே போனேன்.

கணக்குப் பரீட்சை அன்றைக்கு நல்ல மழை. குடையோடு பஸ் நிறுத்தத்தில் நின்றேன். இறங்கியதுமே கேட்டேன், "எப்படிடி?"

"தெரியலைம்மா. நடுவுல நடுவுல மனசு எங்கேயோ போயிடுச்சு. பதினோரு தடவை."

"எண்ணுனியா?"

"ம்."

பரீட்சை எழுதச் சொன்னால் எண்ணிக்கொண்டா இருந்தாய் என்று நாக்கு நுனி வரை வந்துவிட்டது. எப்படியோ விழுங்கினேன். "அப்புறம்?" என்றேன்.

"அப்புறம் என்ன? பதினோரு தடவையும் அடுத்த இடது கால்ல சேந்துக்கிட்டேன்."

எனக்கு அந்த இடத்திலேயே அழுகை வந்துவிட்டது. பஸ்ஸிலிருந்து இறங்கியவர்கள் பார்த்தார்கள். பார்க்கட்டும். இத்தனை வருஷமாக ஏன் போனாய், ஏன் போனாய் என்றே கேட்டிருக்கிறேன். திரும்பி வந்தாயா என்று ஒரு தடவைகூடக் கேட்டதில்லை.

பொங்கலுக்கு முன்னால் மார்க் வந்தது. அறிவியல் முப்பத்தெட்டு. கணக்கு நாற்பத்தொன்று. வினாத்தாளின் கடைசிப் பக்கத்தைத் திருப்பவே இல்லை என்று டீச்சர் சொன்னார். திருப்பியிருந்தால் ஐம்பதைத் தாண்டியிருக்குமாம். ஐயோ என்று தலையில் அடித்துக்கொண்டேன், பிறகு சிரித்துவிட்டேன். வீட்டுக்காரர் வீடியோ காலில் அவளைப் பார்த்து சல்யூட் அடித்தார். டிரம் அவளுடையதுதான் என்று பி.டி. சார் ஆள் விட்டுச் சொன்னார்.

குடியரசு தினத்தன்று காலையில் ஆறேகால் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். வெள்ளைச் சட்டை, வெள்ளை ஷூ, தொப்பி எல்லாம் தயார். ஒரு கையுறையைக் காணோம். இரண்டு நாளாக நான் படித்துப் படித்துச் சொன்ன கையுறை. எனக்கு எங்கிருந்துதான் வந்ததோ, ஆரம்பித்துவிட்டேன். கையுறையில் ஆரம்பித்து, சாக்ஸுக்குப் போய், ஆஸ்பத்திரித் தண்ணீர் பாட்டிலைத் தொட்டு, நாற்றங்கால் வரைக்கும் இழுத்துவிட்டேன். அவள் ஒற்றைக் கையுறையோடு அப்படியே நின்றாள். நான் மூச்சு வாங்க நிறுத்தியபோது, "அம்மா," என்றாள்.

"என்னடி அம்மா?"

"இடது கால்."

வாயை மூடிக்கொண்டேன். மன்னிப்புக் கேட்கக்கூட நேரமில்லை. இருவரும் குனிந்து தேடினோம். கையுறை டிபன் பைக்குள் தயிர்சாத டப்பாவுக்கு அடியில் இருந்தது. கொஞ்சம் தயிர் வாசனை. பரவாயில்லை என்று போட்டுக்கொண்டு ஓடினாள், நானும் பின்னால் ஓடினேன்.

மைதானத்தில் வேலிக்கு இந்தப் பக்கம் பெற்றோரெல்லாம் நின்றோம். பேண்டு வரிசையாக வந்து நின்றது. கொடிக்கம்பத்தில் ஒரு காக்கை உட்கார்ந்திருந்தது. அவள் கண் அந்தக் காக்கையிடம் போவதைப் பார்த்தேன். பி.டி. சார் கையை உயர்த்தினார். கண் திரும்பி வந்தது. டிரம் அதிர்ந்தது. நாற்பது பேர் இடது காலை எடுத்து வைத்தார்கள். வேலிக்கு இந்தப் பக்கம் நானும் வைத்தேன்.